மனப்பாடமும் மனப்பக்குவமும்

மறதியைப் பற்றி வருந்தாதவர்கள் அரியர். படித்தது மனத்தில் நிற்கவில்லை என்று மாணவன் வருந்துகிறான். நாள்தோறும் சொல்லிவரும் ஸ்தோத்திரம் பாதியில் நழுவிவிடுகிறது என்று இல்லத்தரசி வருந்துகிறார். நன்கு பழகியவர்களின் பெயர்களே நினைவுக்கு வருவதில்லை என்று முதியவர் வருந்துகிறார். நினைவாற்றல் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம் என்றும், தமக்கு அது கிடைக்கவில்லை என்றும் இவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவ்வாறு எண்ணுபவர்கள் சிந்திக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது மகாத்மா காந்தியடிகளின் வாழ்க்கை. விடுதலைப் போரின் தலைவராகவும் சத்தியத்தின் சாதகராகவும் அவரை நாம் அறிவோம். தம் நினைவாற்றல் பக்குவமற்றது என்று தாமே கருதிய ஒரு சிறுவர், தமக்கேற்ற பயிற்சியைப் படிப்படியாகக் கண்டுகொண்ட வரலாறும் அந்த வாழ்க்கையினுள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் கனிந்த பகுதி ஒன்று பெங்களூரில் நிகழ்ந்தது.

நினைவில் நின்றதும் நில்லாததும்

மோகன்தாஸ் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். அங்குள்ள பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதற்கே அவர் சிரமப்பட்டார். தமது அறிவு மந்தமாகவும் நினைவாற்றல் முதிராமலும் இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

வீட்டில் உறவினர் ஒருவர் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஸ்ரீராமரக்ஷா ஸ்தோத்திரத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அதை மனப்பாடம் செய்து, காலையில் நீராடியவுடன் சொல்லிவந்தார்கள். குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று, ஸ்தோத்திரமும் மறந்துபோயிற்று. தாம் அதைச் சொன்னதற்குப் பிழையில்லாமல் உச்சரிக்கிறோம் என்ற பெருமிதமும் ஒரு காரணமாக இருந்தது என்று அவர் பின்னாளில் உணர்ந்தார்.

ஆனால் அதே பருவத்தில் கேட்டவற்றுள் சில வாழ்நாள் முழுவதும் அழியாமல் நின்றன. இருளையும் பேய் பிசாசுகளையும் கண்டு அஞ்சிய சிறுவருக்கு, ரம்பா என்ற பணிப்பெண் ராமநாமத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அச்சம் வரும்போதெல்லாம் சொன்ன அந்த நாமம் அவரது உயிர்மூச்சாகவே ஆயிற்று. ஊருக்கு வந்த நாடகக் குழுவினர் நடித்த அரிச்சந்திரன் கதையைக் கண்டார். கண்டதோடு அமையவில்லை; தனிமையில் இருக்கும்போது, தாமே அரிச்சந்திரனாகி அந்நாடகத்தை மனத்துக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்தார். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்து செல்லும் சிரவணனின் படமும் அவ்வாறே உள்ளத்தில் பதிந்தது.

வாய்ப்பாடு நிற்கவில்லை, அரிச்சந்திரன் நின்றான். ஸ்தோத்திரம் நிற்கவில்லை, ராமநாமம் நின்றது. உள்ளம் ஈடுபட்டதையும், மீண்டும் மீண்டும் தானே உள்ளிருந்து எடுத்துப் பார்த்ததையும் மனம் விடாமல் பற்றிக்கொள்கிறது. ஒப்புக்குத் திணித்ததை அது விரைவில் நழுவவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்வதற்குச் சிறுவர் மோகன்தாஸ் எந்த நூலையும் படிக்கவில்லை. ஆனால் அவரது வாழ்க்கை அதைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டது.

பதின்மூன்றாம் தேற்றம்

ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்து பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. க்ஷேத்திர கணிதம் சிறிதும் விளங்கவில்லை. மீண்டும் கீழ் வகுப்புக்கே போய்விடலாமா என்றுகூட மோகன்தாஸ் எண்ணினார். விடாமல் முயன்று யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை எட்டியபோது திடீரென்று தெளிவு பிறந்தது. இந்தப் பாடத்துக்கு மனப்பாடம் வேண்டியதில்லை, அறிவைச் செலுத்தினால் போதும் என்று புரிந்தது. அன்றுமுதல் அப்பாடம் அவருக்கு எளிதாகவும் சுவையாகவும் ஆயிற்று.

சமஸ்கிருதம் அப்படி இல்லை. அதில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததால் அஞ்சினார். பாரசீக வகுப்பு எளிது என்று மாணவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு ஒருநாள் அங்கே போய் அமர்ந்துவிட்டார். சமஸ்கிருத ஆசிரியர் கிருஷ்ணசங்கர் வருத்தத்துடன் அவரை அழைத்து, கடினமாகத் தோன்றினால் தம்மிடம் வரலாகாதா என்று அன்போடு கேட்டார். மோகன்தாஸ் வெட்கமுற்றுத் திரும்பிவந்தார். அன்று கற்ற சிறிதளவு சமஸ்கிருதமும் இல்லாதிருந்தால், நம் சாஸ்திரங்களில் தமக்கு ஈடுபாடு தோன்றியிருக்காது என்று பிற்காலத்தில் அந்த ஆசிரியரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

புரிந்துகொண்டு நினைவில் வைப்பது ஒரு வழி. ஒலியாகப் பயின்று வைப்பது மற்றொரு வழி. முதலாவது அவருக்கு இயல்பாக வந்தது. இரண்டாவதற்கு உழைக்க வேண்டியிருந்தது. இயல்பாக வராததை விட்டுவிடலாம் என்ற எண்ணத்திலிருந்து நல்லாசிரியர் ஒருவர் அவரைக் காத்தார்.

சபதமும் மறந்துபோன சொற்பொழிவும்

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில லண்டனுக்குப் புறப்பட்டபோது, பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில் அன்னைக்கு மூன்று வாக்குறுதிகள் அளித்தார். மது, மாது, மாமிசம் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்பதே அது. லண்டனில் நண்பர்கள் வாதிட்டார்கள், கேலி செய்தார்கள், பசி வருத்தியது. ஒவ்வொரு சோதனையிலும் அந்த வாக்குறுதி தக்க தருணத்தில் நினைவுக்கு வந்தது. அதற்கு அவர் எந்த மனப்பாடப் பயிற்சியும் செய்யவில்லை. அன்னையின் கண்ணீரே அதைப் பதியவைத்திருந்தது.

படிப்பில் அப்படி எளிதாக எதுவும் வரவில்லை. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் லத்தீன் பாடத்தில் தோற்றார். சோர்ந்துவிடாமல் மீண்டும் படித்து 1890-இல் தேறினார். சட்டத் தேர்வுகளுக்கு மாணவர்கள் பலர் சுருக்கக் குறிப்புகளைச் சில வாரங்கள் உருப்போட்டுத் தேறிவிடுவது வழக்கம். அவரோ மூல நூல்களை முழுமையாகப் படித்தார். ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார். ஸ்னெல் எழுதிய சமநீதிச் சட்ட நூலையும் அப்போது பயின்றார். அந்நூல் பல ஆண்டுகளுக்குப் பின் எதிர்பாராத இடத்தில் அவருக்கு உதவப்போவதை நாம் காண இருக்கிறோம்.

1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்தளித்தார். நகைச்சுவை கலந்த சிறு சொற்பொழிவு ஒன்றை மிகக் கவனமாகத் தயாரித்து வந்திருந்தார். எழுந்து நின்றார். முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நன்றி கூறிவிட்டு அமர்ந்துவிட்டார். சபை நடுவே அச்சம் வந்து சூழ்ந்தால், நன்கு பயின்றதும் எட்டாத தொலைவுக்குப் போய்விடும். தேர்வுக்கூடத்தில் கைநடுங்கும் மாணவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

சொற்களை வரிசைப்படுத்திச் சொன்ன ஞானி

பம்பாயில் வந்து இறங்கியதும் டாக்டர் பிராணஜீவன் மேத்தா அவருக்கு ராய்சந்த்பாய் என்ற இளைஞரை அறிமுகம் செய்துவைத்தார். ஸ்ரீமத் ராஜசந்திரர் என்று பின்னாளில் போற்றப்பட்ட அவர் 1867-இல் பிறந்தவர். காந்தியடிகளைவிட இரண்டு வயதே மூத்தவர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தி, அவை அனைத்தையும் பின்னர் பிழையின்றித் திரும்பச் சொல்லும் சதாவதானத்தைத் தமது 20 வயதுக்குள்ளாகவே பம்பாயில் நிகழ்த்திக் காட்டியவர். நம் தமிழ்நாட்டிலும் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நிகழ்த்திய சதாவதானம் இவ்வகையைச் சேர்ந்ததே.

காந்தியடிகள் தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ராய்சந்த்பாய் அவற்றைச் சொன்ன வரிசையிலேயே திரும்பக் கூறினார். காந்தியடிகள் வியந்தார், அந்த ஆற்றலைக் கண்டு பொறாமையும் கொண்டார். ஆயினும் அவரை ஆட்கொண்டது அதுவன்று. அந்த வைர வியாபாரியின் தூய ஒழுக்கமும், சாஸ்திர ஞானமும், ஆன்ம தரிசனத்துக்காக அவர் கொண்டிருந்த தணியாத தாகமுமே அவரைக் கவர்ந்தன.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராய்சந்த்பாய் அவதானக் காட்சிகளை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தார். புகழைத் தரும் அந்த வித்தை தமது ஆன்மிகப் பாதைக்குத் தடையாகும் என்று அவர் கருதினார். பெரும்பேறாக நினைவாற்றலைப் பெற்றவரே அதை முடிவான செல்வமாகக் கொள்ளவில்லை. நினைவாற்றல் எதற்காக என்ற கேள்வி, காந்தியடிகளின் உள்ளத்தில் இவ்வாறு ஓர் உயிருள்ள உதாரணத்தின் மூலம் விதைக்கப்பட்டது.

விடாமுயற்சியும் அதன் எல்லையும்

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்று, தாதா அப்துல்லாவின் வழக்குக்காகப் பிரிட்டோரியாவில் தங்கினார். கணக்கு வழக்குகள் நிறைந்த வழக்கு அது. கணக்குப் பதிவு முறையே தெரியாத அவர், அதற்கென ஒரு நூலை வாங்கிப் படித்தார். கடிதங்களை மொழிபெயர்த்தார், விவரங்களைச் சலித்து ஒழுங்குபடுத்தினார். இறுதியில் அவ்வழக்கின் செய்திகளைக் கட்சிக்காரர்களைவிட நன்கு அறிந்தவராக விளங்கினார். ஹோல்பர்னில் ஒரு சிறு சொற்பொழிவை மறந்தவர், பிரிட்டோரியாவில் ஒரு பெரும் வழக்கை மனத்தில் தாங்கினார். ஒழுங்குபடுத்திப் புரிந்துகொண்ட செய்திகள் ஒன்றையொன்று இழுத்துவரும். தனித்தனியே நிற்கும் சொற்கள் அவ்வாறு வருவதில்லை.

1896-இல் போங்கோலா என்ற கப்பலில் தாயகம் திரும்பியபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் சேர்ந்து உருது கற்றார். அந்த அதிகாரி ஒருமுறை கண்ட சொல்லை மறப்பதில்லை. காந்தியடிகளுக்கோ எழுத்துகளைப் பிரித்தறிவதே கடினமாக இருந்தது. மேலும் கடுமையாக உழைத்தும் அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை. இதை மறைக்காமல் எழுதிவைத்தார். அதே பயணத்தில் ஒரு சுயபோதினியைக் கொண்டு தமிழும் கற்றார். அதில் ஓரளவு முன்னேறினார். தம்மோடு துன்பங்களைப் பகிர்ந்துகொண்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் கொண்ட அன்பே அதற்குத் தூண்டுதல். பின்னர் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அதைத் தொடர்ந்தார். ஆயினும் தமிழில் பேசும் அளவுக்கு அவர் வளரவில்லை. படிக்கக் கற்றிருந்ததும் பழக்கமின்மையால் துருப்பிடித்து வருவதாகப் பிற்காலத்தில் வருந்தினார். அன்பு இருந்தும் பழக்கம் விட்டுப்போனால் மொழி நழுவும் என்பதற்கு அவரே சாட்சி.

தம்மை மறந்த கணம்

மறதிகளுள் மிகக் கொடியது எது என்பதை 1898-இல் டர்பனில் அவர் அறிந்தார். அவரது வீட்டில் எழுத்தர்கள் சிலர் தங்கியிருந்தனர். புதிதாக வந்த ஒருவர் பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவரது அறைக் கலத்தைக் கழுவும் பணி இல்லத்தாருடையதாக இருந்தது. கஸ்தூரிபா கண்ணீருடன் அதைச் செய்தார். அதை மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் உரத்த குரலில் கண்டித்தார். மனைவி எதிர்த்துச் சொன்னதும், அவரது கையைப் பற்றி வாயிற்கதவு வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளுவதற்காகக் கதவைத் திறந்தார். தாய்வீட்டார் எவரும் இல்லாத அந்நிய மண்ணில் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமில்லையா என்று அந்த அம்மையார் அழுதபோதுதான் அவருக்கு உணர்வு வந்தது. வெட்கத்தோடு கதவைச் சாத்தினார்.

அக்கணத்தில் தாம் தம்மையே மறந்ததாக அவர் எழுதினார். அரிச்சந்திரன் கதையும் ராமநாமமும் அன்று அவருக்குத் தெரியாதவை அல்ல. கீதையையும் லண்டனிலேயே படித்திருந்தார். தெரிந்தவை எல்லாம் கோபத்தின் முன் நில்லாமல் போயின. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் நிலைத்த அறிவுடையோனின் இலக்கணம் கூறப்படும் பகுதியில், சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவின் அழிவும், அதிலிருந்து விவேகத்தின் அழிவும் உண்டாகும் என்று பகவான் உரைக்கிறார். அங்கு நினைவு என்பது ஏட்டில் உள்ளதை ஒப்பிப்பது அன்று. கற்றது வேண்டிய கணத்தில் கைகொடுப்பது. இந்தப் பகுதியே பின்னாளில் அவருடைய ஆசிரமத்தின் மாலைப் பிரார்த்தனையில் நாள்தோறும் ஓதப்பட்டது.

குளியலறைச் சுவரில் கீதை

1903-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் தியாசபி அன்பர்கள் சிலருடன் சேர்ந்து ஆன்மிக நூல்களைப் படித்துவந்தார். சுவாமி விவேகானந்தரின் ராஜயோகமும், பதஞ்சலியின் யோக சூத்திரங்களும், கீதையும் அங்கே பயிலப்பட்டன. கீதையை மேலும் ஆழ்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அதை மனப்பாடம் செய்வது என்று முடிவு செய்தார். வயது 34-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் வழக்கறிஞர் தொழிலும் பொதுப்பணியும் காத்திருந்தன. தனியே ஒதுக்க நேரமில்லை.

காலைக் கடன்களுக்கு அவர் 35 நிமிடங்கள் செலவிட்டுவந்தார். பல் துலக்க 15 நிமிடம், நீராட 20 நிமிடம். மேல்நாட்டு முறையில் நின்றபடியே பல் துலக்குவது அவர் வழக்கம். எதிரே இருந்த சுவரில் கீதைச் சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டினார். பல் துலக்கும்போது நாளைக்கு ஒன்றிரண்டு சுலோகங்களைப் பார்த்தும் பாராமலும் சொல்லிப் பழகினார். நீராடும்போது முன்பே கற்றவற்றைத் திரும்பச் சொன்னார். இவ்வாறு, வேறெந்த வேலையும் தடைப்படாமல், 18 அத்தியாயங்களுள் 13 அத்தியாயங்கள் மனப்பாடமாயின. பின்னர் சத்தியாகிரகப் போராட்டம் பிறந்து, சிந்திக்கும் நேரம் அனைத்தையும் எடுத்துக்கொண்டதால் அம்முயற்சி நின்றது.

இந்த எளிய ஏற்பாட்டில் அடங்கியுள்ள நுட்பங்களைப் பாருங்கள். ஒரு நாளுக்குச் சிறிதளவே கற்றார். ஒரே இடத்தில், ஒரே வேளையில் கற்றார். புதியதைக் கற்பதோடு பழையதையும் நாள்தோறும் மீட்டினார். ஏட்டைப் பார்த்துக்கொண்டே இராமல், உள்ளிருந்து எடுத்துச் சொல்லி, தடுமாறியபோது மட்டும் சுவரைப் பார்த்தார். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றது முதலில் விரைவாக மறக்கிறது, இடைவெளி விட்டு மீட்டினால் அது நிலைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. பார்த்துப் படிப்பதைவிடப் பாராமல் சொல்லிப் பார்ப்பதே அதிகம் பதியும் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. வேத பாடசாலைகளிலும் திண்ணைப் பள்ளிகளிலும் நம் முன்னோர் பின்பற்றிய முறைகளில் இவை நெடுங்காலமாகவே இருந்தன.

கண்ணால் கற்பவர், செவியால் கற்பவர் என்று மனிதர்களைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் பயன் மிகும் என்று இக்காலத்தில் பலர் கூறுகிறார்கள். இதற்கு ஆய்வுகளில் போதிய சான்று கிடைக்கவில்லை. நினைவு பதியும் விதிகள் எல்லோருக்கும் பெரும்பாலும் பொதுவானவை. ஆனால் அவற்றை நாளின் எந்த வேளையில், எந்த வேலையோடு, எதன் பொருட்டுக் கடைப்பிடிப்பது என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். காந்தியடிகள் கண்டுகொண்ட தமக்கேற்ற வழி என்பது இதுவே. நினைவாற்றலை மாற்ற அவர் முயலவில்லை. தமது நாளை மாற்றியமைத்தார்.

பயன் என்ன விளைந்தது? ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது அகராதியைப் புரட்டுவதுபோல, நடத்தையில் ஐயம் எழுந்தபோதெல்லாம் அவர் கீதையைப் புரட்டினார். அபரிக்கிரகம், சமபாவம் என்ற சொற்கள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டன. உடைமைகளோடு வாழ்பவன் உடைமையற்றவனாவது எப்படி? இக்கேள்வி எழுந்தபோது, லண்டனில் படித்த ஸ்னெலின் நூல் நினைவுக்கு வந்தது. பிறர் சொத்தைக் காக்கும் தர்மகர்த்தா, அதில் ஒரு காசும் தன்னுடையதென்று கருதுவதில்லை என்ற சட்டக் கருத்து, கீதையின் ஒளியில் புதிய பொருளோடு விளங்கிற்று. ஏறத்தாழ 13 ஆண்டுகள் மனத்தின் ஒரு மூலையில் கிடந்த சட்ட நுணுக்கமும், புதிதாகக் கற்ற சுலோகமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. புரிந்து கற்றது வீண்போவதில்லை. அவர் உடனே பம்பாயிலிருந்த ரேவாசங்கர்பாய்க்குக் கடிதம் எழுதி, 10,000 ரூபாய்க்குத் தாம் எடுத்திருந்த ஆயுள் காப்புறுதியைக் கைவிட்டார். பிள்ளைகளையும் மனைவியையும் படைத்தவன் காப்பான் என்ற நம்பிக்கை அவருள் வேரூன்றியிருந்தது.

பெங்களூரில் ஓய்வும் நினைவும்

பெங்களூர் காந்தியடிகளுக்குப் புதிய ஊரன்று. 1915 மே மாதத்தில் அங்கு வந்து, தாம் குருவாக மதித்த கோகலேயின் திருவுருவப் படத்தைத் திறந்துவைத்திருந்தார். 1927-இல் நாடெங்கும் கதருக்காகச் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, மார்ச் இறுதியில் கோலாப்பூரில் அவரது உடல்நலம் குன்றியது. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள் முழு ஓய்வு வேண்டும் என்றனர். மைசூர் சமஸ்தானத்தின் விருந்தினராக நந்தி மலையில் சில வாரங்கள் தங்கினார். ஜூன் தொடக்கத்தில் பெங்களூருக்கு வந்து, குமார பார்க்கில் ஆகஸ்டு இறுதிவரை தங்கினார். ராஜாஜியும் மகாதேவ தேசாயும் உடனிருந்தனர்.

அவரது சுயசரிதையான சத்திய சோதனை வாரந்தோறும் நவஜீவன் இதழில் தொடராக வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. 1925 இறுதியில் தொடங்கிய அத்தொடர் 1929 பிப்ரவரி வரை நீடித்தது. அதை எழுதுவதற்கு அவரிடம் நாட்குறிப்போ ஆவணங்களோ இல்லை. முன்னரே திட்டமிட்ட வரிசையும் இல்லை. உள்ளிருந்து எழுவதை எழுதினார். எரவாடா சிறையில் 1923-இல் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றைச் சொல்லி எழுதவைக்கத் தொடங்கியபோதும் அவ்வாறே செய்தார். அந்நூலில்தான், சிறையில் நோயுற்று 1914-இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை உருக்கத்துடன் நினைவுகூர்ந்தார். வாய்ப்பாட்டைப் பிடித்துவைக்கத் திணறிய மனம், பத்தாண்டுகளுக்கு முன் கண்ட அந்தப் பெண்ணின் முகத்தை இழக்கவில்லை.

நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருளன்று. நினைக்கும்போதெல்லாம் மனம் அதைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது என்று இன்றைய உளவியல் கூறுகிறது. கட்டும்போது நம்மை உயர்த்திக்காட்டும் ஆசையும் உள்ளே நுழைந்துவிடும். சத்திய சோதனையில் அவர் அந்த ஆசைக்கு இடம் தரவில்லை. ஹோல்பர்னில் மறந்த பேச்சையும், கப்பல் அதிகாரியிடம் தோற்றதையும், டர்பனில் மனைவியின் கையைப் பற்றி இழுத்ததையும் அவர் மறைக்காமல் எழுதியதால்தான் நாம் அறிகிறோம். வேறு எவரும் அவற்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நினைவை மனச்சாட்சியின் முன் நிறுத்தி விசாரிப்பதும் ஒரு சாதனையே.

பெங்களூரில் தங்கியிருந்த நாட்களில், அங்கிருந்த இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று, மாடு வளர்ப்பு முறைகளையும் கேட்டுக் கற்றார். அப்போது அவருக்கு வயது 57. உடலோ மருத்துவர் கட்டுப்பாட்டில் இருந்தது. சபர்மதி ஆசிரமத்துப் பசுக்களுக்கு உதவும் என்ற எண்ணமே அவரை மாணவராக்கியது. ஆகஸ்டு இறுதியில் உடல் தேறி, அங்கிருந்தே தமிழகச் சுற்றுப்பயணத்துக்குப் புறப்பட்டார்.

கீதையின் 13 அத்தியாயங்களோடு நின்றுபோன பயிற்சியையும் அவர் வேறு வடிவங்களில் தொடர்ந்தார். 1922 முதல் 1924 வரை எரவாடா சிறையில் இருந்தபோது, கீதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கு வருகிறது, அதன் பொருள் என்ன என்று தொகுத்து ஓர் அகராதி அமைத்தார். அது 1936-இல் நூலாக வெளிவந்தது. நினைவில் அனைத்தையும் தாங்க இயலாதபோது, எழுத்தைத் துணைக்கொள்வதில் அவர் இழுக்கு எதுவும் காணவில்லை.

நாம் மேற்கொள்ள வேண்டியது

ராய்சந்த்பாய்க்கு இருந்த ஆற்றல் நம்முள் மிகச் சிலருக்கே வாய்க்கும். கப்பல் அதிகாரிக்கு இருந்ததும் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் குளியலறைச் சுவரும் ஒரு காகிதத் துண்டும் எல்லோருக்கும் கிடைக்கும். சிலருக்கு அது அடுக்களைச் சுவராக இருக்கலாம். சிலருக்குப் பேருந்துப் பயணமாக, சிலருக்கு மாலை நடையாக இருக்கலாம். ஏற்கெனவே தவறாமல் செய்துவரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதனோடு ஒரு நல்ல சுலோகத்தையோ, ஒரு குறளையோ, ஒரு பாசுரத்தையோ இணைத்துக்கொள்ளலாம். முதலில் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். பாராமல் சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்றையதை இன்றும், சென்ற வாரத்ததை இந்த வாரமும் மீட்ட வேண்டும். ஒரு முறை பலிக்கவில்லை என்றால் இடத்தையோ வேளையையோ மாற்றிப் பார்க்க வேண்டும். தமக்கு நினைவாற்றலே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வயது முதிர்ந்தவர்கள் பெயர்களும் தேதிகளும் நழுவுவதைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. மறதி அன்றாட வாழ்வையே குலைக்கும் அளவுக்கு மிகுந்தால் மருத்துவரை நாட வேண்டும். மற்றபடி, குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு நல்ல துணை.

கற்ற சுலோகம் எத்தனை என்பதைவிட, கோபம் மூளும் கணத்தில் அவற்றுள் ஒன்றேனும் நம் கையைப் பிடித்து நிறுத்துகிறதா என்பதையே நாம் கவனிக்க வேண்டும். டர்பன் வீட்டின் வாயிற்கதவருகே தம்மை மறந்து நின்றவர், அந்தக் கேள்வியைத் தமக்குத்தாமே வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டார். 35 நிமிடக் காலைப் பயிற்சியும், சிறையில் தொகுத்த அகராதியும், நாள்தோறும் மாலையில் ஓதிய சுலோகங்களும் அதற்கு அவர் தேடிய விடைகளே. நாளைக் காலையில் நாமும் ஒரு சுலோகத்தோடு அந்தப் பயிற்சியைத் தொடங்குவோம்.